எல்லோருக்கும் ஒரே பாட்டு

மின்வயல் குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியான அன்று மத்தியானத்துக்குள், அதைக் கேட்டவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

குழுவின் பாடகி சுகந்திக்கு இதைச் சொன்னவள் ஹரிணி. மின்வயலின் பாட்டுகளை வெளியிடும் ‘இதம்’ கம்பெனியிலிருந்து, வெளியீட்டு நாளுக்காகவே சென்னையிலிருந்து கோயம்புத்தூர் வந்திருந்தாள். சரவணம்பட்டியில் ஒரு மோட்டார் பம்ப் குடோனின் மாடியில் இருந்தது ஸ்டுடியோ. ஹரிணி கொண்டுவந்திருந்த கேக் மேஜைமேல் வெட்டப்படாமல் இருந்தது. அவள் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிவப்புக் கோடுகள் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“யாருக்கும் பெரிசா ஒண்ணுமில்ல மேடம். படபடப்பு, வேர்வை, மூச்சு வாங்கறது. ஹார்ட் அட்டாக்னு நெனச்சு ஓடியிருக்காங்க. ஈசிஜி எடுத்தா நார்மல்.”

“பாட்டு கேட்டதுக்கா?”

“பாட்டு இறங்கி வராததுக்கு.”

சுகந்திக்கு அது புரிந்தது.

இதம் கம்பெனியின் காதுமணி அப்போது எல்லோரிடமும் இருந்தது. பட்டாணி அளவு. காதுக்குள் வைத்துக்கொண்டால் நாடித்துடிப்பை அது படித்துவிடும். நாம் பாட்டைக் கேட்பதுபோலப் பாட்டும் நம்மைக் கேட்கும். நெஞ்சு வேகமாக அடித்தால் பாட்டும் அதே வேகத்தில் தொடங்கும். பிறகு நமக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகும். சொற்கள் நீளும், கூர்மையான ஒலிகள் மழுங்கும். பாட்டு இறங்க இறங்க நெஞ்சும் கூடவே இறங்கிவிடும். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பஸ் ஏறியவர்கள் என்று எல்லோரும் அதைக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் டாக்டர்களே சிபாரிசு செய்தார்கள்.

காதுமணிக்கென்றே தமிழில் செய்யப்பட்ட முதல் ஆல்பம் மின்வயலின் ‘தூறல்’. சொல்லும் குரலும் சுகந்தி. இசையும் தாளமும் ஜெரால்ட். இருவரும் ஒரே இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர்கள். ஹாஸ்டல் விழாவில் ஒரு பழைய கீபோர்டை வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள். ‘தூறல்’ வந்த பிறகு அவர்களைத் தெரியாதவர்கள் இல்லை. அதன்பின் வந்த பாட்டுகள் எல்லாமே அதே வழியில்தான் வந்தன. கேட்பவருக்கு வளைந்து கொடுக்காத புதுப்பாட்டு என்று ஒன்று கடந்த மூன்று வருடங்களில் வரவே இல்லை.

சுகந்திக்குப் பயம் தட்டியது வால்பாறை போகும் வழியில். ஒரு பெண்கள் கல்லூரியின் சுற்றுலாவுக்கு அவளை விருந்தினராகக் கூட்டிப்போயிருந்தார்கள். பஸ் கிளம்பியதும் பிள்ளைகள் ‘தூறல்’ பாட்டு ஒன்றை அவளுக்காகச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரியிலேயே சிதறிவிட்டது. ஒருத்திக்குத் தெரிந்த வேகம் இன்னொருத்திக்குத் தெரிந்த வேகமாக இல்லை. ஒருத்தி நிறுத்தும் இடத்தில் இன்னொருத்தி இழுத்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி முயன்றார்கள், முடியவில்லை. பிறகு ஆளுக்கொரு காதுமணியை வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள். ஆழியாற்றிலிருந்து மேலே ஏறும் வளைவுகள் முழுக்க பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் இல்லை. எல்லோர் முகமும் அமைதியாக இருந்தது. அவள் காதில் மட்டும் மணி இல்லை.

திரும்பி வந்ததும் ஜெரால்டிடம் சொன்னாள். அடுத்த ஆல்பம் யாருக்காகவும் வளையக் கூடாது, எல்லோருக்கும் ஒரே பாட்டுதான் கேட்க வேண்டும் என்றாள். அவன் தயங்குவான் என்று நினைத்திருந்தாள். அவனோ அவளைவிட ஒரு படி மேலே போனான். தாளம் மயிரிழைகூட மாறக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தான். சொல்லை மாற்ற வேண்டுமென்றால் சுகந்தி சம்மதிக்க வேண்டும், வேகத்தையும் ஒலியையும் தொட வேண்டுமென்றால் ஜெரால்ட் சம்மதிக்க வேண்டும். ஆல்பத்துக்கு ‘உள்ளபடி’ என்று பெயர் வைத்தார்கள். அவன் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தான் என்று அவள் கேட்கவில்லை. தன்னைப் போலவே யோசிக்கிறான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

இப்போது ஹரிணியின் திரையில் கருத்துகள் வந்து குவிந்தன. யாரோ துரத்துகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். பாட்டு என்னைக் கவனிக்கவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரும்பாலானவர்கள் முதல் பாட்டையே முடிக்காமல் அணைத்திருந்தார்கள். விமர்சகர்கள் காதிலும் அதே மணிதான். இந்தக் குழு தன் ரசிகர்களை வெறுக்கிறது என்று ஒருவர் தலைப்பே போட்டுவிட்டார். சாயங்காலம் ஒரு டிவி சேனல், டாக்டர் ஒருவரை உட்காரவைத்து, இந்தப் பாட்டுகளைத் தடை செய்யலாமா என்று விவாதித்தது.

ஹரிணி பொறுமையாக விளக்கினாள். பாட்டு என்றால் தன்னை இறக்கிவிடும் என்று உடம்பு பழகிவிட்டது. படியில் கால் வைக்கப்போகிறவனுக்குப் படி இல்லையென்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கு இருந்திருக்கிறது. ஒரே ஒரு சம்மதம் கொடுத்தால் போதும், வழக்கம்போல வளையும் பதிப்பை உடனே மாற்றி விட்டுவிடலாம். வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

சுகந்தி முடியாது என்றாள். ஜெரால்டும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றாள். சொல்லிவிட்டு அவனை அழைத்தாள். அவன் காலையிலிருந்தே ஸ்டுடியோவுக்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. இருட்டுவதற்குச் சற்று முன் ஒரு வரிச் செய்தி வந்தது. எஸ்தருக்கு உடம்பு சரியில்லை என்று.

எஸ்தர் ஜெரால்டின் மனைவி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனராக இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தவறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று காதுமணியை எடுத்து வைத்தவள், பிறகு குளிக்கும்போது தவிர அதைக் கழற்றியதில்லை. காதுக்குள் ‘தூறல்’ ஓடிக்கொண்டே இருக்கும். சிரித்துப் பேசினாள், வேலைக்குப் போனாள், விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட்டாள். யார் முன்னாலும் அழுததில்லை. தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள். சுகந்தியும் சொல்லியிருக்கிறாள்.

அன்று காலை அவள் தனியாக ‘உள்ளபடி’ கேட்டிருக்கிறாள். சாவி வாங்க மேலே போன கீழ்வீட்டுப் பெண் பார்த்தபோது, ஹாலில் தரையில் படுத்திருந்தாளாம். கண் மூடியிருந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. ஜெரால்ட் ஓடிவந்து காதுமணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். டாக்டர் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் சுகந்தி வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், தூங்குகிறாள் என்றான். அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னான்.

அந்த வாரம் சுகந்தி வெளியே தலைகாட்டவில்லை. அன்னூரிலிருந்து அப்பா அழைத்து, டிவியில் பேசிக்கொள்கிறார்களே, போலீஸ் வருமா என்று கேட்டார். தெருவில் ஆம்புலன்ஸ் போனால் அது தன் பாட்டைக் கேட்டவராக இருக்குமோ என்று தோன்றியது. தான் செய்தது சரியா என்ற கேள்வி சாப்பிட உட்கார்ந்தாலும் கூடவே உட்கார்ந்தது. கடைசியில் ஹரிணியை அழைத்து, ஆல்பத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

ஹரிணி அவசரப்பட வேண்டாம் என்றாள். குரலில் ஒரு உற்சாகம் இருந்தது. எண்கள் திரும்பிவிட்டன, நீங்களே பாருங்கள் என்றாள்.

உண்மைதான். ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்கள் பெருகியிருந்தார்கள். தடை பற்றிப் பேசிய சேனல் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு நிகழ்ச்சி செய்தது. வெறுப்பு என்று எழுதிய விமர்சகரே திரும்ப எழுதினார். முதலில் எனக்குப் பயமாக இருந்தது, பொறுத்துக் கேட்டேன், சமரசமே இல்லாத இந்த உண்மையைத் தாங்க நாம் தகுதி பெற்றுவிட்டோம் என்று. ‘உள்ளபடி’யைக் கடைசிவரை கேட்டேன் என்று இளைஞர்கள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். மலையேறி வந்தவர்கள்போல ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள்.

சுகந்தி ஒரு நாள் முழுக்க அவற்றைப் படித்துச் சந்தோஷப்பட்டாள். மறுநாள் படிக்கும்போது ஏதோ உறுத்தியது. மூன்றாவது பாட்டின் முடிவில் எல்லாம் மெல்ல அடங்கும் இடம் அற்புதம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்றாவது பாட்டு அடங்காது. கத்தி வைத்து வெட்டியதுபோல நின்றுவிடும். அவளே அப்படி நிறுத்தச் சொன்னாள். இன்னொருவர் ஐந்தாவது பாட்டை நீண்ட நதி என்று புகழ்ந்திருந்தார். அது ஆல்பத்திலேயே சின்னப் பாட்டு.

அவள் தன் பாட்டுகளை எப்போதும் ஸ்டுடியோ ஸ்பீக்கரில்தான் கேட்பாள். காதுமணி அவளிடம் இல்லை. கீழே இறங்கிப்போய், குடோன் வாட்ச்மேனிடம் அவருடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து போட்டாள்.

நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு அதே வேகத்தில் வந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. அவள் பாடாத இழுப்புகளை அவள் குரலே இழுத்தது. கடித்துத் துப்பிய சொற்கள் தடவிக்கொடுத்தன. இது மோசடி, ஜெரால்ட் சம்மதிக்காமல் இது நடந்திருக்காது என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே தோள்கள் தளர்ந்தன. சரி, ஏதாவது காரணம் இருக்கும், போகட்டும் என்று தோன்றியது. வெயில் படியில் அழகாக விழுந்திருப்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. வாட்ச்மேன் வந்து, போதுமாங்க என்று கேட்டு மணியைத் திரும்ப வாங்கியபோதுதான் கோபம் மறுபடி வந்தது. கூடவே ஒரு நடுக்கமும் வந்தது. கேட்காமலே தன் கோபத்தை எடுத்துக்கொண்டு போன பொருளைக் காதில் வைத்திருந்தோம் என்ற நடுக்கம்.

ஜெரால்டை அவன் வீட்டுப் பக்கத்துப் பேக்கரிக்கு வரச் சொன்னாள். அவன் இளைத்திருந்தான். டீயை எடுத்தவன் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

“எப்ப சம்மதிச்ச?”

“அன்னைக்கே. ஆஸ்பத்திரியில இருந்தே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா?”

“நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப.” டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நாலாவது பாட்டுல அடியில ஒரு தாளம் ஓடுதுல்ல. அது நான் போட்டதில்ல சுகந்தி. பாப்பாவோட ஹார்ட் பீட்.”

சுகந்தி அவன் கையிலிருந்த டீயை வாங்கி மேஜையில் வைத்தாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனின்போது டாக்டர் அவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்திருக்கிறார். ஓடும் தறிபோல, அவ்வளவு வேகம். ஜெரால்ட் அதைப் போனில் பதிந்துகொண்டான். குழந்தை போன பிறகு அதைப் பற்றி எஸ்தரிடம் பேச அவனுக்கு வாய் வரவில்லை. அவள் எப்போதும் அமைதியாக இருந்தாள். அந்த அமைதியைக் கலைக்கப் பயமாக இருந்தது. அந்தச் சத்தம் உலகத்தில் ஒரு தடவையாவது அதன் சொந்த வேகத்தில் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டான். தாளம் மாறக் கூடாது என்று அவன் பிடிவாதம் பிடித்தது அதற்குத்தான். எஸ்தருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று நினைத்திருந்தான்.

“இப்ப வளையற பதிப்புல அது எப்படிக் கேக்குது?” என்று சுகந்தி கேட்டாள்.

“சாதா டிரம் மாதிரி. மெதுவா. கேக்கறவங்க நெஞ்சு எப்படியோ அப்படி.” அவன் தலை குனிந்தான். “அவ இப்ப தினமும் கேக்கறா. ஒண்ணும் ஆகறதில்ல. நல்லா இருக்குன்னு சொல்றா.”

அவனைத் திட்ட வந்தவள் திட்டாமல் எழுந்து போனாள். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது ‘உள்ளபடி’ சட்டை போட்ட ஒரு பையன் அவளை அடையாளம் கண்டு கையெழுத்துக் கேட்டான். அவனிடம் உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தாள். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஆல்பத்தின் வெற்றிக்காக இதம் கம்பெனி அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய அரங்கத்தில் கச்சேரி ஏற்பாடு செய்தது. சுகந்தி ஒரு நிபந்தனை போட்டாள். திறந்த ஸ்பீக்கரில், செய்த வேகத்தில், உள்ளது உள்ளபடி. இல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றாள். ஹரிணி உடனே ஒத்துக்கொண்டாள். மேடை உங்களுடையது மேடம், அதில் நாங்கள் கை வைக்க மாட்டோம் என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே சுகந்திக்குக் கவலையாக இருந்தது.

ஜெரால்ட் ஒன்று மட்டும் கேட்டான். எஸ்தர் வருகிறாள், நாலாவது பாட்டு வேண்டாம் என்று. அவளிடம் நீயே முதலில் சொல், சொன்ன பிறகு அவள் முடிவு செய்யட்டும் என்று சுகந்தி சொன்னாள். சரி என்றான். கச்சேரி அன்று மேடைக்குப் பின்னால் அவனைப் பார்த்ததுமே அவன் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. நாலாவது பாட்டை விட்டுவிடலாம் என்று அவளே சொன்னாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே கூட்டம் ஆரவாரம் செய்தது. இரண்டாவது வரியில் அது அடங்கியது. வரிகள் அவர்களுக்குத் தெரிந்த வரிகள்தான். ஆனால் பாட்டு அவர்களுக்காக நிற்கவில்லை. மேடையிலிருந்து சுகந்திக்கு முன்வரிசை முகங்கள் தெரிந்தன. ஒருவர் சட்டைக் காலரைத் தளர்த்தினார். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தாள். இரண்டாவது பாட்டில் யாரோ பையைத் திறந்தார்கள். பிறகு இன்னொருவர். வரிசை வரிசையாகக் கைகள் காதுக்குப் போயின. காதுமணிகள் மேடைப் பாட்டை அமுக்கிவிட்டு, அதே பாட்டின் வளையும் பதிப்பை அவரவர் காதுக்குள் ஓட்டின. மூன்றாவது பாட்டு கத்தி வைத்ததுபோல நின்றபோது யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்து இதமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் கழித்து இடது பக்கத்தில் ஒருவர் தட்டினார். இன்னும் சற்று நேரம் கழித்துப் பின்வரிசையில் நாலைந்து பேர். அவரவர் காதுக்குள் பாட்டு முடியும்போது அவரவர் தட்டினார்கள். சுகந்தி தண்ணீர் குடிப்பதுபோல ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

அங்கே, திரைச்சீலைக்குப் பக்கத்தில், எஸ்தர் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. இரண்டு காதும் வெறுமையாக இருந்தன.

“அக்கா, அடுத்து நாலாவது பாட்டுதான?”

சுகந்தி அது இன்று இல்லை என்றாள்.

எஸ்தரின் முகம் மாறியது. “எனக்கு அதத்தான் கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மொத நாள் அந்தப் பாட்டுல ஒரு சத்தம் இருந்துச்சுக்கா. எனக்குத் தெரிஞ்ச சத்தம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டே படுத்திருந்தேன். கண்ணத் தொறந்தாப் போயிருமோன்னு தொறக்கல. அவரு வந்து புடுங்கிட்டாரு. மறுநாள் போட்டா அந்தச் சத்தம் இல்ல. தினமும் தேடறேன். டிரம்முதான் கேக்குது. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயமா இருக்குது. அவருகிட்டச் சொன்னா மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு.”

சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேடைமேல் ஜெரால்டின் மேஜைக்கு அழைத்துப்போனாள். அவன் நிமிர்ந்து பார்த்து, எதையோ தடுக்கப்போகிறவன்போல இரண்டு கையையும் தூக்கினான்.

“மொத நாள் கேட்டேங்க,” என்றாள் எஸ்தர். “நம்ம பாப்பாதான? இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

அவன் ஆமென்று தலையை மட்டும் அசைத்தான். பிறகு நாலாவது பாட்டைத் தொடங்கினான்.

அடியிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. வேகமாக, யாருக்காகவும் நிற்காமல், பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக அரங்கத்தின் தரையெல்லாம் ஓடியது. சுகந்தி பாடினாள். குரல் ஓரிடத்தில் உடைந்தது, அப்படியே விட்டாள். எஸ்தர் மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரின் மரப்பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுங்க, சத்தமாக அழுதாள். ஜெரால்ட் எழுந்து அவளிடம் போகவும் முடியாமல், தாளத்தை விட்டுக் கையை எடுக்கவும் முடியாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே அத்தனை பேரும் அமைதியான முகத்தோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. மேடையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்னொரு தடவ,” என்றாள் எஸ்தர்.

ஜெரால்ட் முதலிலிருந்து ஆரம்பித்தான். அரங்கத்தில் பலருக்கு முதல் தடவையே இன்னும் முடிந்திருக்கவில்லை.